கேள்விக்கு அனுமதி, விடைக்கு?

2006ஆம் ஆண்டு சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் படுத்திய பாடு இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஓராண்டில் மட்டும் நாடெங்கும் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கு சொன்னது. மூட்டுகளை முடக்கிப்போட்ட அந்தக் காய்ச்சலைப் பற்றி நம் மருத்துவர்களால் தொடக்கத்திலேயே சில செய்திகளை உறுதியாகச் சொல்ல முடிந்தது. இது வைரஸால் வருவது, ஏடிஸ் கொசு பரப்புவது, வீட்டில் பிடித்துவைத்த தண்ணீரில் அந்தக் கொசு பெருகுவது. இதெல்லாம் முதலில் தெரியவந்த இடம், அன்று டாங்கனிகா என்று அழைக்கப்பட்ட இன்றைய தான்சானியாவின் தென்கோடியில் உள்ள மகொண்டே பீடபூமி. 1952இல் அங்கே இந்தக் காய்ச்சல் பரவியது. நோயின் அறிகுறிகளை ராபின்சனும், பரவிய விதத்தை லம்ஸ்டனும் 1955இல் எழுதி வெளியிட்டார்கள். ராஸ் என்பவர் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்தப் பீடபூமியில் தண்ணீர் அரிது. தொலைவிலிருந்து கொண்டுவந்து வீட்டுக்குள் சேமித்துவைப்பார்கள். அந்தச் சேமிப்பிலேயே கொசு பிறந்தது என்பதும் அப்போதே கண்டறியப்பட்டுவிட்டது. மகொண்டே மக்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு, அரை நூற்றாண்டு கழித்து, தண்ணீர்ப் பஞ்சத்தில் டிரம்களில் நீர் பிடித்துவைக்கும் நம் தெருக்களுக்குப் பயன்பட்டது. ரத்தம் கொடுத்த கிராமங்களுக்கு இந்த ஆய்வால் என்ன திரும்பக் கிடைக்கும் என்று கேட்கும் அதிகாரம் படைத்த அமைப்பு எதுவும் அன்று அந்த மண்ணின் மக்களிடம் இருக்கவில்லை.

இன்று இருக்கிறது. தான்சானியாவில் ஆய்வு செய்ய விரும்பும் வெளிநாட்டவர் எவரும், குரங்கை ஆராய்ந்தாலும் சரி, குடும்பச் செலவை ஆராய்ந்தாலும் சரி, அரசின் ஒப்புதல் பெற்றாக வேண்டும். அந்த ஒப்புதல் முறையைப் பற்றியே பேசப்போகிறேன். அலுவலக நடைமுறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். ஓர் ஏழை நாடு தன்னைப் பற்றிய அறிவை எப்படி ஆள்கிறது என்பது அந்த நடைமுறைக்குள்தான் இருக்கிறது. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கு அரசு அனுமதி கேட்பது நியாயம். அந்த நாட்டின் வரலாற்றைப் பார்த்தால் கட்டாயமும்கூட. ஆனால் அனுமதி என்பது இருபக்கத்தையும் கட்டும் ஒப்பந்தம். ஆய்வாளர் தன் கேள்வியையும் அதற்கு விடை தேடும் முறையையும் முன்கூட்டியே எழுதிக் காட்டுகிறார். அதைப் படித்து, திருத்தி, சரி என்று ஒப்புக்கொண்ட அரசு, அந்த முறைப்படி கிடைத்த விடை கசந்தாலும் அதைக் கேட்கவும் பிறர் கேட்க விடவும் கடமைப்பட்டது. தான்சானியாவில் இந்த ஒப்பந்தத்தின் முதல் பாதி நன்றாக வளர்ந்தது. இரண்டாவது பாதி பலமுறை முறிந்திருக்கிறது.

முதல் பாதி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு டெண்டகுரு போதும். தான்சானியாவின் லிண்டி துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குள், நடந்தால் நான்கு நாள் தொலைவில் உள்ள ஒரு குன்று அது. 1909 முதல் 1913 வரை பெர்லினின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அங்கே டைனோசர் எலும்புகளைத் தோண்டியது. வெர்னர் யானென்ஷ், எட்வின் ஹென்னிக் என்ற இரு ஜெர்மானியர் தலைமை. உச்சகட்டத்தில் ஏறக்குறைய 500 உள்ளூர்த் தொழிலாளர்கள். தோண்டிய எலும்புகளைக் கட்டி, தலையிலும் தோளிலும் சுமந்து, கடற்கரைக்கு நடந்து கொண்டுவந்தார்கள். 200 டன்னுக்கும் அதிகமான புதைபடிவங்கள் கப்பலேறின. அன்றைய ஜெர்மானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மாஜி மாஜி கிளர்ச்சியை ஜெர்மானியப் படை ஒடுக்கியது 1905 முதல் 1907 வரை. பயிர்கள் எரிக்கப்பட்டுப் பஞ்சத்தில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. அந்தப் பகுதி மக்களே, அந்தச் சாம்பல் ஆறுமுன் இந்தச் சுமையைத் தூக்கினார்கள். அவர்களில் போஹெட்டி பின் அம்ரானி என்பவர் தோண்டும் பணியை மேற்பார்த்த தலைமைக் கண்காணி. மண்ணில் புதைந்திருக்கும் எலும்பை அடையாளம் காண்பதில் தேர்ந்தவர். பெர்லினில் 1937இல் நிறுத்தப்பட்ட, 13 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள டெண்டகுரு டைனோசரின் எலும்புக்கூட்டை இன்றும் உலகம் வியந்து பார்க்கிறது. அந்த விலங்கின் பெயரில் அன்றைய பெர்லின் அருங்காட்சியக இயக்குநர் பிராங்காவுக்கு இடம் கிடைத்தது. எலும்புகள் நன்றாகப் பாதுகாக்கப்பட்டன, அறிவியல் வளர்ந்தது என்று சொல்பவர்களை நான் மறுக்கவில்லை. அந்த அறிவியலைச் செய்யும் ஒரு கூடம், அதைக் கற்கும் ஒரு மாணவர், அதைப் பார்க்கும் ஒரு குழந்தை லிண்டியில் உருவாகவில்லை என்பதே என் கவலை.

1961இல் டாங்கனிகா விடுதலை பெற்றது. 1964இல் ஸான்ஸிபாருடன் இணைந்து தான்சானியா ஆனது. 1967இல் அதிபர் நியரேரே, தற்சார்பை வலியுறுத்திய அருஷா பிரகடனத்தை வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டே ஆய்வுகளை ஒருங்கிணைக்கத் தேசிய அறிவியல் ஆராய்ச்சி மன்றம் ஒன்று சட்டத்தால் அமைக்கப்பட்டது. அதன் இடத்தை 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்வழி அறிவியல் தொழில்நுட்ப ஆணையம் பிடித்தது; கோஸ்டெக் என்ற சுருக்கப் பெயரில் அறியப்படுவது அதுதான். இடையில் 1979இல் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும், 1980இல் வனவிலங்கு ஆய்வுக்கான நிறுவனமும் பிறந்தன. இன்று ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் உள்ளூர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரைக் கூட்டாளியாகக் காட்ட வேண்டும். திட்ட வரைவு, கட்டணம், தங்கும் அனுமதி எல்லாம் வேண்டும். உடல்நல ஆய்வென்றால் மருத்துவ நிறுவனத்தின் அறநெறிக் குழு பார்க்கும். காட்டு விலங்கென்றால் வனவிலங்கு நிறுவனமும் தேசியப் பூங்கா நிர்வாகமும் பார்க்கும். டார் எஸ் சலாம் நகரில் கையெழுத்தானதும் வேலை முடிவதில்லை. மாகாண அலுவலகம், மாவட்ட அலுவலகம், கடைசியில் கிராமத் தலைவர் என்று கடிதம் படிப்படியாக இறங்க வேண்டும். இடையிடையே முன்னேற்ற அறிக்கை, முடிவில் இறுதி அறிக்கை.

இதைக் கேட்டதும் எழும் முதல் மறுப்பு எல்லா நாட்டு ஆய்வாளர்களுக்கும் பொதுவானது. அறிவியல் எல்லோருக்கும் உரியது; அதற்கு வாசலில் காவல் எதற்கு; மாதக்கணக்கில் காத்திருப்பதில் பருவம் தவறிப்போகிறது, நிதி காலாவதியாகிறது என்கிறார்கள். தாமதம் உண்மை. அதைக் குறைக்க வேண்டும், குறைக்கவும் முடியும். ஆனால் அறிவியல் எல்லோருக்கும் உரியது என்ற வாசகத்தைச் சொல்லும்போது ஒரு கேள்வி மிஞ்சுகிறது. டெண்டகுருவில் காவல் இல்லாத காலத்தில் அது எல்லோருக்கும் உரியதாக இருந்ததா? கிழக்கு ஊசாம்பரா மலைக்காட்டிலிருந்து ஜெர்மானிய அதிகாரி ஒருவர் 1890களில் அனுப்பிவைத்த நீலப் பூச்செடி, இன்று ஆப்பிரிக்க வயலட் என்ற பெயரில் உலகெங்கும் ஜன்னலோரத் தொட்டிகளில் விற்கப்படுகிறது. அதன் வணிகத்தில் ஊசாம்பரா மக்களுக்குப் பங்கில்லை. காவல் இல்லாத இடத்தில் வலியவர்களே உள்ளே வருவார்கள் என்பதை அந்த நாடு ஒரு நூற்றாண்டு பட்டறிந்திருக்கிறது. தவிரவும், வெளியிலிருந்து வருபவருக்கு உள்ளூர்க் கூட்டாளி வேண்டும் என்ற ஒரே நிபந்தனை, மற்ற எல்லாக் கெடுபிடிகளையும்விட அதிகப் பலன் தந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

கொம்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ஜூலையில் சிம்பன்சிகளை ஆராய ஜேன் குட்டால் டாங்கனிகா ஏரிக்கரையில் உள்ள அந்தக் காட்டுக்கு வந்த கதையை உலகம் அறியும். 1975 மே மாதத்தில் ஏரியின் மறுகரையிலிருந்து வந்த ஆயுதக் குழு ஒன்று அங்கிருந்த நான்கு இளம் வெளிநாட்டு ஆய்வாளர்களைக் கடத்திச் சென்றது. பின்னர் அவர்கள் மீண்டார்கள். அதன்பின் வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்குவது நின்றுபோனது. ஆனால் சிம்பன்சிகளைப் பற்றிய அன்றாடப் பதிவு நிற்கவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த தான்சானியக் களப்பணியாளர்கள் அதைத் தொடர்ந்தார்கள். சிம்பன்சிகள் கூட்டமாகச் சென்று தம் இனத்தவரையே கொல்லும் என்ற, அதுவரை எவரும் நம்பியிராத உண்மையை, கடத்தலுக்கு முன்பே 1974 ஜனவரியில் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தவர் ஹிலாலி மடாமா என்ற களப்பணியாளர். அறுபதாண்டுக்கும் மேலான அந்தத் தொடர் பதிவு அவர்களைப் போன்றவர்களின் காலடியில் எழுந்தது. கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே அந்தப் பெயர்கள் அரிதாகவே வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். லெட்டோலியில் நிலைமை மேலும் நகர்ந்திருக்கிறது. 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் பதிந்த மனித மூதாதையரின் காலடிகளை 1970களின் இறுதியில் மேரி லீக்கியின் குழு கண்டெடுத்தது. அதே இடத்துக்கு அருகில், புதிய அருங்காட்சியகம் கட்டுவதற்கு முன்னோட்டமாக நிலத்தைச் சோதித்தபோது, மேலும் காலடிகள் வெளிப்பட்டன. 2016இல் அதை உலகுக்கு அறிவித்த கட்டுரையின் முதல் பெயர் ஃபிடெலிஸ் மசாவோ, டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர். டெண்டகுருவிலிருந்து அந்தக் கட்டுரைவரை நாடு நடந்துவந்த தொலைவில், அனுமதி முறைக்கும் அது வளர்த்த பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு.

இனி, ஒப்பந்தத்தின் இரண்டாம் பாதியும் நிறைவேறியபோது என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது போதிய அளவு பேசப்படாத வெற்றி. 1990களின் பிற்பாதியில் தான்சானிய சுகாதார அமைச்சகமும் கனடாவின் வளர்ச்சி ஆய்வு மையமும் சேர்ந்து மொரொகோரோ, ருஃபிஜி என்ற இரண்டு மாவட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய ஏழு லட்சம் மக்கள். கேள்வி மிக எளிமையானது: மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம், தங்கள் மக்கள் எதனால் இறக்கிறார்கள் என்ற கணக்கைக் கையில் கொடுத்து, கொஞ்சம் கூடுதல் பணமும் கொடுத்தால், செலவு செய்யும் விதம் மாறுமா? பிறப்பு இறப்புப் பதிவு முறையாக இல்லாத நாட்டில் அந்தக் கணக்கை எடுப்பதே பெரும்பாடு. கணக்கெடுப்பவர்கள் வீடு வீடாக, ஆண்டுக்குப் பலமுறை, போனார்கள். சாவு நிகழ்ந்த வீட்டில் உட்கார்ந்து, கடைசி நாட்களில் காய்ச்சல் இருந்ததா, வலிப்பு வந்ததா, எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்டு, அந்த விடைகளிலிருந்து மருத்துவர்கள் காரணத்தைக் கணித்தார்கள். வந்த கணக்கு அதிகாரிகளை உலுக்கியது. மொரொகோரோவில் அகால மரணங்களால் இழந்த வாழ்நாளில் ஏறத்தாழ 30 சதவீதம் மலேரியாவால் போனது. 1996இல் சுகாதார நிதியில் மலேரியாவுக்குக் கிடைத்ததோ 5 சதவீதம். எவரும் வேண்டுமென்றே அப்படி ஒதுக்கவில்லை. கணக்கு தெரியாததால் பழைய ஆண்டின் தாளைப் பார்த்து அடுத்த ஆண்டின் தாளை எழுதிக்கொண்டிருந்தார்கள். கணக்கு தெரிந்ததும் கொசுவலைக்கும், நோயுற்ற குழந்தையை ஒரே பார்வையில் முழுமையாகப் பரிசோதித்து மருந்து தரும் முறைக்கும் பணத்தைத் திருப்பினார்கள். ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு டாலருக்கும் குறைவான கூடுதல் செலவு. ஐந்தாண்டு அளவில் அந்த மாவட்டங்களில் குழந்தை இறப்பு 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. புது மருந்து இல்லை, புது ஊசி இல்லை. ஆய்வு தந்த விடை, அதை வைத்துச் செயல்படும் அதிகாரம் உள்ளவரின் மேசைக்கு, அவருக்குப் புரியும் வடிவத்தில், உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது.

பக்கத்து நிலப்பரப்பான கிலொம்பேரோவிலும் உலாங்காவிலும் இதே காலத்தில் இன்னொரு விடை கிடைத்தது. இஃபகாரா என்ற சிற்றூரில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1957இல் தொடங்கிய களக்கூடம், 1990களில் தான்சானியர்கள் தலைமைக்கு வந்துவிட்டிருந்தது. மருந்து தோய்த்த கொசுவலையை மானிய விலையில் கடைகள் வழியே விற்றால் குழந்தைகள் பிழைப்பார்களா என்று அவர்கள் ஆராய்ந்தார்கள். வலைக்குள் உறங்கிய குழந்தைகள் உயிர்பிழைக்கும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியதாக 2001இல் முடிவு வெளியானது. 2004 முதல் அரசே கர்ப்பிணிகளுக்கு வலை வாங்கத் தள்ளுபடிச் சீட்டு கொடுக்கும் திட்டத்தை நாடு முழுவதும் கொண்டுசென்றது. கேள்வி கேட்க அனுமதித்த அதே அரசு விடையைக் கையில் வாங்கி நடைமுறைப்படுத்தியது. தடுப்பூசிக் கதையில் இந்த வட்டம் இவ்வளவு சீராக மூடவில்லை. பகமோயோ, கொரொக்வே என்ற தான்சானிய ஊர்களில் குழந்தைகள் பங்கேற்ற சோதனைகளின் உதவியால், உலகின் முதல் மலேரியா தடுப்பூசி தேறியது. 2019இல் அது முதற்கட்டமாக வழங்கப்பட்ட மூன்று நாடுகளில் தான்சானியா இல்லை. இரண்டாவது தடுப்பூசியின் பெரிய சோதனையிலும் தான்சானியக் குழந்தைகள் இருந்தார்கள். அதைத் தயாரிப்பது நம் புனேயின் சீரம் நிறுவனம். சோதனையில் பங்கேற்ற மக்களுக்கு அதன் பலன் எப்போது, எப்படிக் கிடைக்கும் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

இப்போது கசப்பான பகுதி. 2016 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநர் முவேலே மலேசேலா, தம் நிறுவனம் நடத்திய ஆய்வொன்றின் முடிவை அறிவித்தார். 533 பேரின் ரத்த மாதிரிகளில் 83இல் ஜிக்கா தொற்றின் தடயம் இருந்தது என்றார். மறுநாள் அதிபர் மகுஃபுலி அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்டவர் வெளிநாட்டு உளவாளி அல்லர். அரசின் சொந்த நிறுவனத்தின் தலைவர், யானைக்கால் நோய் ஒழிப்பில் பெயர்பெற்ற விஞ்ஞானி. பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தில் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களுக்கான துறைக்கே இயக்குநரானார், 2022இல் காலமானார். 2018 ஜூலையில் சமூக ஆய்வின் முறை வந்தது. ட்வாவேசா என்ற அமைப்பு கைப்பேசி வழியே குடிமக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடுவது. அதிபரின் செயல்பாட்டை ஆதரித்தவர்கள் 2016இல் 96 சதவீதம், 2017இல் 71, இப்போது 55 என்று அதன் அறிக்கை சொன்னது. சில நாட்களில் கோஸ்டெக், அனுமதியின்றி ஆய்வு நடத்தியதாகச் சொல்லி விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அடுத்து அமைப்பின் தலைவருடைய கடவுச்சீட்டு பறிபோனது. அதிபருக்கு 96 சதவீத ஆதரவு என்று இதே அமைப்பு சொன்னபோது எவரும் அனுமதிச் சீட்டைத் தேடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் புள்ளிவிவரச் சட்டம் திருத்தப்பட்டது. அரசுப் புள்ளிவிவரத்தைப் பொய்ப்பிக்கும் வகையில் எண்களை வெளியிடுவது சிறைக்குரிய குற்றமானது. உலக வங்கி வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. 2019இல் அந்தப் பிரிவு தளர்த்தப்பட்டது. அதற்கு முன், 2018 நவம்பரில் தலைநகர் டோடோமா அருகே மகுட்டுபோராவில் முறையான அனுமதியுடன் நடந்த மரபணு மாற்றப் பயிர்ச் சோதனையை, அதன் முடிவுகள் வெளியே பேசப்பட்டதும், நிறுத்தி அழிக்க உத்தரவு வந்தது. 2020இல் 509 நோயாளிகள், 21 மரணங்கள் என்ற எண்ணிக்கையுடன் கோவிட் கணக்கு நின்றது. நாடு மீண்டும் எண்களைச் சொல்லத் தொடங்கியது அடுத்த ஆண்டு, சமியா சுலுஹு ஹசன் அதிபரான பிறகு.

இவற்றை ஒரு தனிமனிதரின் குணக்கேடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. மகுஃபுலி 2021 மார்ச்சில் மறைந்தார், பிரச்சினையும் மறைந்தது என்று சொல்லிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவருக்குக் கைகொடுத்த கருவிகள் அவருக்கு முன்பே செய்துவைக்கப்பட்டவை. உடல்நல ஆய்வுகளுக்குத் தரப்படும் அறநெறிச் சான்றிதழிலேயே, முடிவுகளை வெளியிடும் முன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. நல்ல காலத்தில் அது சம்பிரதாயம்; கெட்ட காலத்தில் அதுவே வாய்ப்பூட்டு. நுழைவாயிலில் நிற்கும் காவலரிடம் வெளியேறும் வழியின் சாவியையும் கொடுத்தால், எந்த நாளிலும் எந்த ஆட்சியாளரும் அதைப் பூட்டலாம்.

அரசின் பக்கம் நின்று ஒருவர் கேட்கலாம்: தவறான எண் பீதியைக் கிளப்பாதா? ஜிக்கா என்ற ஒரு சொல்லுக்காகச் சுற்றுலாப் பயணிகள் செரெங்கெட்டியைத் தவிர்த்தால் இழப்பு யாருக்கு? தன் குடிமக்களின் வாழ்வாதாரத்தைக் காப்பது அரசின் கடமை இல்லையா? இதை எளிதில் தள்ளிவிட மாட்டேன். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருப்பது ஒன்று, நோய் பரவிக்கொண்டிருப்பது வேறொன்று. அந்த வேறுபாட்டைப் பொதுமக்களுக்கு விளக்காமல் எண்ணை மட்டும் வீசினால் தீங்கு நேரலாம். ஆனால் அதற்கு மருந்து, நாட்டில் பரவல் இல்லை என்பதற்கான சான்றையும், மாதிரிகள் எங்கே எப்போது எடுக்கப்பட்டன என்ற விவரத்தையும் அதே மேடையில் வைப்பது. ஆய்வு முறையில் குறையிருந்தால் அதைப் பிடிக்க வேண்டிய இடம் அனுமதிக் குழு. அங்கே தேறிய முறை, முடிவு பிடிக்கவில்லை என்றவுடன் தவறானதாகிவிடாது. சொன்னவரை நீக்கியதால் கிடைத்தது என்ன? மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் கழித்து அதே நாட்டில் கோவிட் வந்தபோது, எண்ணிச் சொல்வது ஆபத்தான தொழில் என்பதை ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் கற்றிருந்தது. சுற்றுலாவைப் பொறுத்தவரை, நோயைக் கண்டுபிடித்து அறிவிக்கும் நாட்டைவிட, கணக்கையே நிறுத்திவிடும் நாட்டைப் பார்த்துத்தான் பயணி அதிகம் அஞ்சுவார்.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்றுண்டு, அது தான்சானிய அறிஞர்கள் பலரிடமிருந்தே வருவது. ஆய்வுக்குப் பணம் தருபவர் வெளியார், எனவே கேள்வியைத் தேர்ந்தெடுப்பவரும் வெளியார். அப்படியிருக்க விடைக்குத் தடை போடுவது ஒருவகைத் தற்காப்பு என்கிறார்கள். இதில் பாதியை ஏற்கிறேன். கேள்வி யாருடையது என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாடு மேய்க்கும் மசாய் மக்களின் கதை சான்று. செரெங்கெட்டியைத் தேசியப் பூங்காவாகக் காக்க 1950களின் இறுதியில் அவர்கள் அங்கிருந்து கோரோங்கோரோவுக்கு வெளியேற்றப்பட்டார்கள். மாடுகள் பெருகினால் புல்வெளி அழியும் என்ற நம்பிக்கை அதன் பின்னணியில் இருந்தது. அங்கே பல ஆண்டு ஆராய்ந்த ஹோம்வுட்டும் ராட்ஜர்ஸும் 1991இல் வெளியிட்ட நூலில், மேய்ச்சல் மக்கள் அந்த நிலத்தைப் பாழாக்குகிறார்கள் என்ற கருத்துக்குச் சான்று போதாது என்று காட்டினார்கள். அந்த விடை வெளியாகத் தடை எதுவும் வரவில்லை. ஆனால் 2022இல் கோரோங்கோரோவிலிருந்தும் மசாய்க் குடும்பங்களை ஹண்டேனி மாவட்டத்தின் ம்சொமேரா கிராமத்துக்கு மாற்றத் தொடங்கியபோது, மக்களும் மாடுகளும் பெருகிவிட்டன என்ற அதே பழைய காரணம் மீண்டும் முன்வைக்கப்பட்டது. மக்கள்தொகை அங்கே உண்மையிலேயே பன்மடங்கு பெருகியிருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் எந்தக் கேள்விக்கான விடையை அரசு காதில் வாங்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைப் பார்க்கும்போது, வெளியார் பணத்தின் ஆதிக்கத்துக்கு எதிரான கேடயம் என்ற விளக்கம் நிற்கவில்லை. கேள்வியைத் தன்வசமாக்க விரும்பும் நாடு தன் பணத்தை ஆய்வில் போட வேண்டும். உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தை ஆய்வுக்கு ஒதுக்குவதாகத் தான்சானிய அரசு பத்தாண்டுகளுக்கு மேலாகச் சொல்லிவருகிறது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. இந்தியாவும் அந்த ஒரு சதவீதத்தை எட்டாத நாடுதான் என்பதால் இதை அறிவுரையாகச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ருஃபிஜியின் பாடம் இங்கே உதவும். பணம் கனடாவிலிருந்து வந்தது, கேள்வி சுகாதார அமைச்சகத்தினுடையது. பேரம் பேசத் தெரிந்த அமைச்சகம் இருந்தால் அது நடக்கும்.

விடை அரசின் மேசைக்குப் போனால் போதுமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ரத்தமும் நேரமும் தந்த கிராமத்துக்கு அது போக வேண்டாமா? படிக்காத மக்களுக்கு ஆய்வறிக்கை புரியாது என்று சொல்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் தான்சானியாவுக்கு, ஆப்பிரிக்காவின் பெரும்பாலான நாடுகளுக்கு வாய்க்காத ஒரு வசதி இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாட்டில் சுவாஹிலி எல்லோருக்கும் பொதுமொழி. தொடக்கப் பள்ளியில் பாடம் அதில்தான், நாடாளுமன்றத்தில் விவாதம் அதில்தான், வானொலிச் செய்தி அதில்தான். அப்படியிருந்தும் ஆய்வின் இறுதி அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அலுவலகக் கோப்புக்குள் அடங்கிவிடுகின்றன. இறுதி அறிக்கையுடன் சுவாஹிலியில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்றையும், அதை ஆய்வு நடந்த கிராமத்தின் கூட்டத்தில் படித்துக் காட்டியதற்கான குறிப்பையும் கேட்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, கோஸ்டெக்கின் படிவத்தில் இரண்டு வரி சேர்த்தால் ஆயிற்று. ஒப்புதல் பெற்ற திட்டங்களின் பட்டியலில் இன்று தலைப்பும் ஆய்வாளர் பெயரும் இடமும் காலமும் இருக்கும். அதில் இன்னொரு கட்டம் வேண்டும்: என்ன தெரியவந்தது, அது எங்கே கிடைக்கும். அந்தக் கட்டம் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் காலியாக இருந்தால், ஆய்வாளர் தரவில்லையா, அரசு விடவில்லையா என்று எந்தக் குடிமகனும் கேட்கலாம். கூடவே, சான்றிதழில் உள்ள வெளியீட்டு நிபந்தனையை அறிவிக்கும் கடமையாக மாற்ற வேண்டும். முடிவை முப்பது நாள் முன்னதாக அரசுக்குத் தெரிவி, அரசு தன் மறுப்பை எழுதட்டும், இரண்டும் சேர்ந்து வெளிவரட்டும். பீதியைப் பற்றிய அச்சத்துக்கும் இதில் விடை இருக்கிறது.

தொலைதூர நாட்டின் படிவத்தைப் பற்றி நமக்கென்ன என்று இனியும் எவரும் கேட்க முடியாது. 2023 நவம்பரில் சென்னை ஐஐடி தன் முதல் வெளிநாட்டு வளாகத்தை ஸான்ஸிபாரில் தொடங்கியிருக்கிறது. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஸான்ஸிபார் தன்னாட்சி கொண்ட பகுதி. ஆய்வு அனுமதிக்கு அங்கே தனி ஏற்பாடு. அந்த வளாகத்திலிருந்து, மீனவர்களின் வலையையோ கிராம்புத் தோட்டத்தையோ தாய்மாரின் உடல்நலத்தையோ ஆராயும் விண்ணப்பங்கள் இனி போகும். அவற்றில் சிலவற்றை நம் ஊரில் பிறந்தவர்கள் எழுதுவார்கள். தரவை எந்தக் கணினியில் வைப்பார்கள், சென்னையிலா ஸான்ஸிபார் நகரிலா; கட்டுரையில் முதல் பெயர் யாருடையது; ஸான்ஸிபாரைச் சேர்ந்த பெம்பாத் தீவின் மீனவப் பெண்ணுக்கு முடிவைச் சுவாஹிலியில் சொல்லப்போவது யார், எந்த மாதத்தில் என்பவற்றை அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே, எவரும் கேட்கும் முன், அவர்கள் எழுத வேண்டும் என்று இந்த அவையின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.